அப்பாவுக்கு பம்பர் விழுந்த ஆடி

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களுக்குத்தான் இது. சின்னவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் லாட்டரிச் சீட்டு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

போன வாரம் என் மகள் போன் செய்து, "அம்மா, கார் பம்பர் போயிடுச்சு" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஏதோ ஒரு ஆட்டோ லேசாக உரசியதாம். போய்ப் பார்த்தால் அவர்கள் பம்பர் என்று சொல்வது வெறும் பிளாஸ்டிக். சோப்பு டப்பா மூடி மாதிரி பிளந்து தொங்கியது. இரும்பில் ஒன்று போட்டுக்கொள்ளேன் என்றேன். அதெல்லாம் இப்போது போடக் கூடாது, பிடித்தால் அபராதம் என்றாள். சட்டம் போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள், எதிரே வருகிறவனுக்கும் எலும்புதானே இருக்கிறது. ஆனாலும் வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் கணியம்பாடிக்கும் அமிர்திக்கும் நடுவில், மலையடிவாரம். அப்பா உழவு மாடுகளை விற்றுவிட்டு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். ஜவ்வாது மலை மேலே போய்ப் புளி, சாமை, பலாப்பழம் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை ஏற்றி வந்து வேலூர் மண்டியில் இறக்குவார். வண்டி ஒரு காலத்தில் நீல நிறம் என்று சொல்வார்கள். உள்ளே ஏறினால் டீசல் வாடையும் பழுத்த பலா வாடையும் கலந்து மூக்கில் ஏறும். உட்காருகிற சீட்டு கிழிந்து தேங்காய் நார் வெளியே வந்திருக்கும். அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் போட்டு அப்பா அதை மூடி வைத்திருந்தார். முன் பம்பர் பாதி துருவும் பாதி கயிறுமாக நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் தங்கை. திருப்பத்தூரில் கொடுத்திருந்தது. அவள் புருஷன், எனக்கு மாமா, அங்கே இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை வைத்திருந்தார். கூடமாட உதவிக்கு என்று போன அத்தையின் கைக்கு வெல்டிங் வேலை முழுக்க வந்துவிட்டது. வேலை அவளுடையது, பேர் மாமாவுடையது. அதுவரை சண்டையில்லை. ஒரு நாள் யாரோ வந்து, "அந்த அம்மா போட்ட கேட்டு மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும்" என்று மாமாவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். இனிமேல் பட்டறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று மாமா உத்தரவு போட்டார். பட்டறையில் வைக்கக் கூடாத காலை வீட்டில் மட்டும் எதற்கு வைக்க வேண்டும் என்று அத்தை ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. அடித்தானா? இல்லை. குடித்தானா? இல்லை. அப்புறம் எதற்கு வந்தாள்? திமிர் என்று முடிவு கட்டினார்கள். உடம்பில் காயம் இருந்திருந்தால் தடவிக்கொடுத்திருப்பார்கள். செய்த வேலையைப் பிடுங்கிக்கொண்டால் ஒரு மனுஷிக்கு எப்படி வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

குடும்பத்துக்குத் தலை பெரியப்பா. பக்கத்து வீடு. ஊர் வாயை அடைக்க ஒரு காரணம் வேண்டுமே என்று, "தங்கச்சிய ஆடிக்கு அழைச்சிகினு வந்துகீறோம்" என்று சொல்லிவிட்டார். ஆடிக்கு அழைப்பது புதுப்பெண்ணை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவளை எந்த ஊரில் ஆடிக்கு அழைக்கிறார்கள்? ஊரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டியது. ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு கெடு இருந்தது.

"ஆடி வரைக்கும்தான் இந்தப் பேச்சு செல்லும்" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். "ஆவணி பொறந்தா நானே கொண்டும்போய் வுட்டுட்டு வந்துடுவேன். மாப்ள கால்ல வுழுந்தாவது வுட்டுட்டு வருவேன்."

அத்தை முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் எதிரில் அப்பாவுக்கு வாயே கிடையாது. அத்தை போகக் கூடாது என்று அந்த வீட்டில் வேண்டிக்கொண்டது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அவள் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தாள், வெல்டிங் போடும்போது கண்ணுக்கு முன்னால் பிடிக்கிற கண்ணாடி. அதன் வழியாக நான் சூரியனைப் பார்த்தேன். பச்சையாக, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு, கண் கூசாமல் நின்றது. அத்தனை பெரிய நெருப்பை இத்தனை சின்னதாக்குகிற பொருளை வைத்திருக்கிறவளை யார்தான் போகவிடுவார்கள்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பம்பர் பறந்ததைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மலைக்குப் போய்விட்டுப் பலாப்பழ லோடோடு இறங்கிக்கொண்டிருந்தோம். காற்றிலும் மழையிலும் சரிந்து கிடந்த ஒரு பாறையில் வண்டியின் மூக்கு இடித்தது. பம்பர் கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டு போனது. கீழே எங்கேயோ 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டதோடு சரி.

ஊர்த் திருப்பத்தில் என்னை இறக்கிவிட்டு, "பம்பர் வுழுந்துடுச்சு, கணியம்பாடில வேற கெடைக்குதான்னு பார்த்துட்டு வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு. சோத்துக்குக் காத்திருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். நான் ஓடினேன்.

வழியில் மளிகைக் கடை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி லாட்டரிச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றில் அவை படபடக்கிற சத்தம் தூரத்திலேயே கேட்கும். அந்த வாரம்தான் பெரிய பம்பர் குலுக்கல். கடைக்காரர் என்னைப் பார்த்து, "எங்கடி இப்டி ஓடற?" என்றார்.

"அப்பாவுக்கு பம்பர் வுழுந்துடுச்சு. அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

அவர் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு அந்தரத்தில் நின்றது. "பம்பரா? முழுசா வுழுந்துச்சா, பங்கா?"

"முழுசாத்தான். ஒரு துண்டுகூட மிச்சமில்ல."

"சீட்டு எங்க?"

"வண்டிலதான்."

"பத்திரமா கீதா?"

"லேசா கிழிஞ்சிருக்கு. அப்பா புடவையப் போட்டு மூடி வச்சிருக்காரு."

"வெவரமான ஆளு" என்றார் கடைக்காரர். எனக்குக் கை நிறையப் பொட்டுக்கடலை கொடுத்தார். அவர் ஓசியில் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவு இல்லை.

அப்பா இருட்டுகிற நேரத்துக்கு வெறுங்கையோடு திரும்பினார். அந்தக் காலத்து வண்டிக்குப் பம்பர் இப்போது வருவதில்லை என்று எல்லாக் கடையிலும் கையை விரித்துவிட்டார்களாம். வீட்டு வாசலில் பார்த்தால் ஊரே நிற்கிறது. ஒருத்தர் கையில் வாழைப்பழச் சீப்பு. வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த பங்காளி ஒருத்தர் கையில் மாலை.

"வுழுந்தது வண்டி பம்பருங்க" என்றார் அப்பா.

"ஆமாமா, வண்டி பம்பர்தான்" என்று கண்ணடித்தார்கள். "நாங்க இன்னா வெளிய சொல்லப் போறமா?"

அப்பா பம்பர் இல்லாத வண்டியின் மூக்கைக் காட்டினார். ஆள் கண்ணை மறைக்க அதை அவரே கழற்றிப்போட்டிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்க மறுக்க, விழுந்த பரிசு பெரியதாகிக்கொண்டே போனது. பெரியப்பா மட்டும் வண்டிக்கு அடியில் குனிந்து அறுந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, "மாட்ட வித்துட்டு இந்தத் தகர டப்பாவ வாங்கினவனுக்கு வேற இன்னா வுழும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். வதந்திக்குக் கால் கிடையாது, ஆனால் பஸ் ஏறத் தெரியும். அது வேலூர் போய், ஆம்பூர் தாண்டி, திருப்பத்தூருக்கே போய்விட்டது.

எங்களுக்கு அது தெரியாது. எங்கள் கவலை ரேடியேட்டர். பம்பர் இல்லாத வண்டி மலையேறினால் அடுத்த கல் நேராக ரேடியேட்டரில்தான். பலாப்பழப் பருவமோ முடியப்போகிறது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அத்தை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சேசிஸைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"சின்னண்ணா, நான் போட்டுத் தர்றேன்."

"எத்த வெச்சு போடுவ?"

"பெரியண்ணன் கொல்லைல கெடக்குதே, அத்த வெச்சு."

பெரியப்பா கொல்லையில் பழைய கிணற்று மோட்டாரின் இரும்புக் குழாய் கிடந்தது. பக்கத்தில் அவருடைய மாட்டு வண்டி. மரம் செல்லரித்துப்போய், சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை மட்டும் கழன்று கோழிகளுக்கு வளையமாகக் கிடந்தது. அப்பா போய்க் கேட்டார். "எடுத்துகினு போ, அது போனா கொல்லையாச்சும் சுத்தமாவும்" என்றார் பெரியப்பா.

குழாயின் இரண்டு முனைகளையும் பின்பக்கமாக வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் போகிற மாட்டையும் மனுஷனையும் குத்தும் என்றாள் அத்தை. வெறும் குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணல் கெட்டித்து, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, நெருப்பில் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி கிளம்பிக் கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதுவோ ஆடி மாசம், தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த மணலுக்கு எங்கே போவது?

அதுவரை அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். வேர்க்கடலை வறுக்கிற இரும்புச் சட்டியைத் தூக்கி வைத்து மணலைக் கொட்டினாள். மணலில் கடலை வறுக்காத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? எந்தப் பதத்தில் ஈரம் போகும் என்று அம்மாவுக்குக் கை சொல்லும். சட்டி சட்டியாக மணலை வறுத்துக் கொடுத்தாள். வாசம் பிடித்து வந்த தெருப் பிள்ளைகள் கடலை கேட்டு நின்றார்கள். கடலையே இல்லாமல் ஏன் மணலை வறுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, பணம் வந்ததில் எங்கள் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கதை கிளம்பியது.

"அண்ணி, போதும், மணலு பொன்வறுவலா வந்துடுச்சு" என்றாள் அத்தை. அம்மா சிரித்துவிட்டாள். அத்தை வந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

குழாய் செக்கச்சிவப்பாகக் காய்ந்ததும் புளியமரக் கவையில் கொடுத்து, ஈரச் சாக்கைச் சுற்றிப் பிடித்து அப்பாவும் அத்தையும் இழுத்தார்கள். இரும்பு முனகிக்கொண்டே வளைந்தது. சக்கரப் பட்டையை அடித்து நிமிர்த்தி, குழாயை வண்டியோடு பிடிக்கிற தாங்கிகளாகத் துண்டு போட்டார்கள். கணியம்பாடி கிரில் பட்டறையிலிருந்து வெல்டிங் செட்டை வாடகைக்குக் கொண்டுவந்து, பெரியப்பாவும் நாங்களும் பொதுவில் வைத்திருந்த கிணற்று மோட்டார் கொட்டாயில் இணைத்தார்கள்.

அத்தை முழங்காலிட்டு உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள். கொட்டாய்ச் சுவர் நீலமாக வெட்டி வெட்டி ஒளிர்ந்தது. கருகின துருவின் வாடை, சீறுகிற சத்தம். எங்களையெல்லாம் முதுகு காட்டி நிற்கச் சொல்லிவிட்டாள். நான் சுவரைத்தான் பார்த்தேன். அதில் அத்தையின் நிழல் கூரை வரை எழுந்து நின்றது.

வெல்டிங் ஓடும்போது மோட்டார் ஓடாது. கரண்ட் இருந்தும் கத்தரிக்குத் தண்ணீர் வரவில்லையே என்று பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார். வந்தவர் கொட்டாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பெரியண்ணா, அப்டி திரும்பிக்கோ. பார்க்காத."

"பொம்பள பத்த வெக்கிற நெருப்பப் பார்த்தா எனக்கு இன்னா ஆயிடும்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல், கடைசி இணைப்பு வரை பார்த்தார். திட்டத்தான் வந்தார். ஆனால் திட்டாமலே போனார்.

சிவப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, நான்கு போல்ட்டில் பம்பரை வண்டியோடு பூட்டினார்கள். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று குதித்தாள். வண்டிதான் ஆடியது. பம்பர் ஆடவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மிளகாய்ப்பொடியைக் கொட்டின மாதிரி எரிகிறது என்றார். எங்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, அத்தை ஈரத் துணியை மடித்து மடித்துக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு சரியாப் பூடும், நான் எத்தினி தடவ பட்டுகீறேன்" என்றாள். அப்போதுதான் ஒரு வாடகை அம்பாசிடர் கார் செம்மண் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. மாமா இறங்கினார். கையில் ஜாங்கிரிப் பெட்டி, பூப்பந்து. அத்தை போய்ச் சேர்ந்தாளா என்றுகூட ஒரு வார்த்தை கேட்டு அனுப்பாத மனுஷன்.

"இன்னா மச்சான்" என்றார் அப்பாவிடம், "நல்ல சேதியெல்லாம் ஊரான் வாயால கேக்க வேண்டியதா கீது."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியப்பாவுக்குக் கட்டிலில் படுத்தபடியே முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க மாப்ள. பார்த்தியா தங்கச்சி, ஆடி முடியறதுக்குள்ள அவரே வந்துட்டாரு."

"அவ இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி கீது" என்றார் மாமா. "தோ, இப்பவே கூட்டிகினு போலாம்னு காரோட வந்துகீறேன்."

அத்தை நனைத்த துணியைப் பிழிந்தபடி நின்றாள். அம்மா அவள் பெட்டியை எடுக்க உள்ளே போனாள், ஆனால் திரும்பி வரவில்லை. நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"பட்டறையப் பெருசு பண்ணலாம்னு ஒரு யோசன" என்று மாமா தொடர்ந்தார். "மச்சான் அந்த பம்பர்ல கொஞ்சம் மனசு வெச்சா…"

"பம்பரா? அதுக்கென்ன, வாங்க காட்றேன்" என்று அப்பா பெருமையோடு அவரை வண்டிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். வெயிலில் வெள்ளிப் பெயிண்ட் பளபளத்தது. மாமா பம்பரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் பம்பரைப் பார்த்தார்.

"இது வண்டி பம்பர்."

"பின்ன?"

"அப்போ லாட்டரி?"

"நான் இதுவரைக்கும் சீட்டே வாங்கினது இல்ல மாப்ள. இத்தப் போட்டது உங்க சம்சாரந்தான்."

மாமா குனிந்து பார்க்கக்கூட இல்லை. "இவளா? மூணாவது வளைவுல வுழுந்துடும்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி மச்சான், ஆடில பொண்ண அழைச்சிகினு போறதும் நல்லா இல்ல. இங்கயே இருக்கட்டும். ஆவணி, பொரட்டாசி போவட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்."

கண்ணை மூடிப் படுத்திருக்கிறவருக்குக் காது இரண்டு மடங்கு கேட்கும்போலிருக்கிறது. கட்டிலிலிருந்து பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். துணி நழுவி மடியில் விழுந்தது. சிவந்த கண்களை இறுக்க மூடிக்கொண்டு, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"மாப்ள, கொஞ்ச நேரம் முன்னாடி கை ஒடிஞ்ச மாதிரி கீதுன்னீங்க. அதுக்குள்ள ஒட்டிக்கிச்சா?"

வேடிக்கைக்கு வந்த ஊர் முழுக்க அங்கேதான் நின்றது.

"அது போட்ட வேலைய நான் கண்ணால பார்த்தேன், அதுக்குத்தான் இந்த எரிச்சலு. மூணாவது வளைவுல வுழுவாது. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. தங்கச்சிய நாங்க ஆடிக்கு அழைக்கல. நான் சொன்னது பொய்யி. அது தன் வூட்டுக்கு வந்துகீது. நீங்க கெளம்புங்க."

அப்பா வாயைத் திறந்தார். குடும்ப விஷயத்தில் அண்ணன் எதிரில் அவர் தானாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "ஜாங்கிரிய எடுத்துகினு போங்க மாப்ள" என்றார்.

மாமா காரில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் சாவியைத் திருகினார். கார் இருமியது. இன்னொரு தடவை திருகினார், இருமல்கூட இல்லை, பேட்டரி படுத்துவிட்டது. தள்ளுவதற்கு ஆள் பார்த்தார். ஊரில் அத்தனை பேரும் சேற்றில் காலுக்கு வேர் முளைத்த மாதிரி நின்றார்கள். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சின்னண்ணா, வண்டிய எடு" என்றாள் அத்தை.

அத்தை முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் தொற்றி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வண்டியை அம்பாசிடரின் முதுகுக்கு மெதுவாகக் கொண்டுபோய் ஒட்டினார். அத்தை போட்ட பம்பர் காரைத் தொட்டது. நங்கென்று ஒரு சத்தம், பிறகு கார் நகர்ந்தது. சேற்றிலிருந்து ஏறி, மளிகைக் கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, மாமாவையும் காரையும் நாங்கள் தள்ளிக்கொண்டே போனோம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள். கடைக்காரர் படியிறங்கி வந்து நின்று பார்த்தார். ஆடிக் காற்று முகத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் போன வண்டியும் கிடையாது, அவ்வளவு பெருமையாகப் போனதும் கிடையாது.

தார் ரோடு இறக்கத்தில் கார் ஒரு உதறு உதறிப் புகையைக் கக்கி உயிர் பெற்றது. கொஞ்ச தூரம் ஓடி ஓரமாக நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் பின்னால் வந்தார். காரின் பளபள பம்பர் நடுவில் குழிந்து உள்ளே போயிருந்தது. எங்களுடையதில் வெள்ளிப் பெயிண்ட் ஒரு இடத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் குனிந்து, குழாய் வளைந்த இடத்தையும் இணைப்புகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருங்க போட்டது இத்த?"

"நான்தான்" என்றாள் அத்தை.

"என் வண்டிக்கும் ஒண்ணு இதே மாதிரி வேணுங்க. எப்ப வரட்டும்?"

காரின் பின் கண்ணாடி வழியாக மாமாவின் தலை தெரிந்தது. அது திரும்பவில்லை. அத்தை ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஆவணி பொறந்ததும் வாங்க. இங்கதான் இருப்பேன்."